ஜி-யங்குக்கு ஆவி பிடிச்சிருக்கா? 'கிம் ஜி-யங், பார்ன் 1982' சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. "கிம் ஜி-யங், பார்ன் 1982 கொரியப் படம் பார்த்தேன். ஜி-யங் திடீர்னு தன்னோட அம்மா மாதிரி பேசுறாங்க, அப்புறம் பாட்டி மாதிரி பேசுறாங்க. இது ஆவிக் கதையா, மனநோய்க் கதையா? பாட்டி பேசுற இடத்துல அந்த அம்மா ஏன் அப்படி உடைஞ்சு போறாங்க?" இதுதான் கேட்டிருக்கீங்க. பதில்ல கதையை நிறையவே சொல்ல வேண்டியிருக்கு, படம் பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க.

முதல்ல, ஆவி இல்லைங்க. அதுக்கு படத்துக்குள்ளயே ஆதாரம் இருக்கு. ஜி-யங் பேசுறது மூணு பேரா. தன்னோட அம்மா, செத்துப்போன அம்மாவழிப் பாட்டி, அப்புறம் கல்லூரிக் காலத்துல பழகின, பிரசவத்துல இறந்துபோன ஒரு தோழி. இதுல அம்மா உயிரோட நல்லாத்தான் இருக்காங்க. உயிரோட இருக்கறவங்க ஆவி எப்படி வரும்? 2016-ல வந்த சோ நாம்-ஜூவோட நாவல்லதான் இந்தக் கதை முதல்ல வந்துச்சு. அதுல ஒரு மனநல மருத்துவர்தான் கதையையே சொல்றார். பிள்ளைபெற்ற பிறகு வர்ற மனச்சோர்வு, அது குழந்தை வளர்ப்புல இன்னும் முத்திப்போனதுன்னு பார்க்கறார்.

ஆனா நோயோட பேரை மட்டும் தெரிஞ்சுக்கிட்டா இந்தக் காட்சிகள் புரியாது. யார் யாரை எப்படிக் கூப்பிடுறாங்கன்னு கவனிக்கணும், சாவி அங்கதான் இருக்கு.

பூசான்ல மாமியார் வீட்டுக் காட்சியை எடுத்துக்கோங்க. பண்டிகை வேலையெல்லாம் முடிச்சு, ஜி-யங் பிறந்த வீட்டுக்குக் கிளம்பப் போறாங்க. அந்த நேரம் பார்த்து நாத்தனார் குடும்பத்தோட வந்து இறங்குறாங்க. மறுபடியும் அடுப்படிக்குப் போகணும். அப்போ ஜி-யங் மாமியாரைப் பார்த்து 'சாபுயின்'னு கூப்பிடுறாங்க. மருமகள் மாமியாரைக் கூப்பிடுறது 'ஒமொனி', அதாவது அம்மான்னு. 'சாபுயின்' நம்ம சம்பந்தியம்மாதான், அட்சரம் பிசகாம. இங்கிலீஷ்ல இதுக்கு ஒத்தைச் சொல் கிடையாது, அதனால சப்டைட்டில்ல இது கரைஞ்சு போயிடும். தமிழ் தெரிஞ்சவங்களுக்கு விளக்கமே வேண்டாம். "சம்பந்தியம்மா, உங்க பொண்ணு வந்துட்டா, என் பொண்ணையும் அனுப்பி வைங்க"ங்கற அர்த்தத்துல பேசுறாங்க. மருமகளா இருந்துகிட்டு இந்த வார்த்தையைச் சொல்லவே முடியாது. சம்பந்தி சொல்லலாம், ரெண்டு பேரும் சரிசமம். நாவல்ல அதே மூச்சுல புருஷனையும் 'ஜொங் சொபாங்'னு கூப்பிட்டுக் கண்டிப்பாங்க. ஜொங் அவரோட குடும்பப் பெயர், 'சொபாங்' மாமியார் வாயில வர்ற 'மாப்பிள்ளை'.

மத்த ரெண்டு பேர் விஷயத்திலயும் இதே கணக்குதான். எதிர்ல இருக்கறவங்ககிட்ட தனக்கு இல்லாத பேச்சுரிமை யாருக்கு இருக்கோ, அவங்களா மாறிப் பேசுறாங்க. தோழியா மாறும்போது புருஷன் ஜொங் தே-ஹியொனையே பேர் சொல்லி, மரியாதை விகுதி இல்லாம "தே-ஹியொனா"ன்னு கூப்பிடுறதும் அதனாலதான்.

இப்போ பாட்டி காட்சிக்கு வருவோம். அம்மா பேரு மி-சுக். கொரியாவுல கல்யாணம் ஆனாலும் பெண்ணோட குடும்பப் பெயர் மாறாது, அதனால அம்மா ஓ மி-சுக், மகள் கிம் ஜி-யங், பேத்தி ஜொங் ஆ-யங். ஒரே வீட்டு மூணு தலைமுறைக்கு மூணு குடும்பப் பெயர், இதுல குழம்பிடாதீங்க. மகளுக்கு உடம்பு சரியில்லைன்னு தெரிஞ்சதும் அந்த அம்மா ஓடி வர்றாங்க. "நான் குழந்தையைப் பார்த்துக்கறேன், நீ செய்ய நினைச்சதைச் செய்"ங்கறாங்க. உடனே ஜி-யங் "மி-சுகா, வேண்டாம்"ங்கறாங்க. பேரோட சேர்ற அந்த 'ஆ', பெரியவங்க சின்னவங்களையோ, சம வயசுக்காரங்க ஒருத்தரை ஒருத்தரோ கூப்பிடும்போது மட்டும் வர்றது. பெத்த தாயை எந்த மகளும் அப்படிக் கூப்பிட மாட்டா. அந்த ஒரு எழுத்துலயே அம்மாவுக்கு விளங்கிடுது, எதிர்ல இருக்கறது யாருன்னு.

பாட்டி அடுத்து சொல்றது என்னன்னா, பூ மாதிரி வயசுல அண்ணனுங்களைக் கரையேத்தறதுக்காக நீ சொங்கேச்சொன்ல தையல் மெஷின் மிதிச்சப்போ என் நெஞ்சு அறுந்துச்சு, ஒரு தடவைகூட உன்னை அணைச்சு நன்றின்னு சொல்லலைங்கறது. சொங்கேச்சொன்ங்கறது சியோல் நகரத்து நீரோடை. அது ஓரத்துல இருந்த பியொங்ஹ்வா சந்தையில, நிமிர்ந்து நிக்க முடியாத பரண்கள்ல, கிராமத்துல இருந்து வந்த சின்னப் பொண்ணுங்க ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வரை தைச்சாங்க. அந்தக் கொடுமைக்கு எதிரா, தொழிலாளர் சட்டத்தை மதிங்கன்னு கேட்டு, 1970 நவம்பர் 13-ல ஜொன் தே-இல்ங்கற 22 வயசுத் தையல் தொழிலாளி அங்கயே தீக்குளிச்சார். கொரியப் பார்வையாளர்களுக்கு அந்த இடத்துப் பேரைக் கேட்டாலே இவ்வளவும் ஞாபகத்துக்கு வந்துடும்.

டீச்சராகணும்னு ஆசைப்பட்ட அம்மா அதை விட்டது சகோதரர்களுக்காக. இப்போ மகளுக்காக இன்னொரு தடவை தன்னை விட்டுக்கொடுக்க வந்து நிக்கறாங்க. அதைத் தடுக்கறது யாரு? தன்னைத் தையல் வேலைக்கு அனுப்பின தாய். ஆயுசு பூரா காத்திருந்த வார்த்தை, நோயில கிடக்கற தன் மகள் வாய் வழியா வருது. மகள் பிழைக்கணுமேங்கற பயமும் அந்த வார்த்தை கிடைச்ச ஆறுதலும் ஒண்ணா வந்து மோதுது. அம்மாவா நடிச்ச கிம் மி-கியொங் அதை அழுகையால மட்டும் நடிக்கலை, மகள் முகத்தைக் கையில ஏந்திப் பார்க்கற பார்வையிலயே எல்லாம் இருக்கு. படத்தோட உச்சம் இதுதாங்கறது என் கருத்து.

அம்மா வீடு திரும்பினதும் வர்ற காட்சியையும் இதோட சேர்த்துப் பாருங்க. அப்பா மகனுக்கு, அதாவது ஜி-யங்கோட தம்பிக்கு மட்டும் மூலிகைக் கஷாயம் வாங்கி வெச்சிருக்கார். அவ்வளவு நேரம் அடக்கி வெச்சது அங்க வெடிக்குது. இயக்குநர் கிம் தோ-யங்குக்கு இது முதல் முழுநீளப் படம், அப்பாவை வில்லனாக்காம விட்டதுதான் அவங்க திறமை. அந்த மனுஷனுக்கு மகள் மேல பாசம் இல்லாம இல்லை. அவளுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டா சிவப்புப் பயறு பன்னுங்கறார். ஆனா அது மகனுக்குப் பிடிச்சது. ஜி-யங்குக்குப் பிடிச்சது கிரீம் பன்.