ஜோன் சதர்லண்டின் 1960 இசைத்தட்டு: எங்கே காது வைப்பது?

[திரை இருட்டு. டிரம்பெட்டும் ஒரு பெண் குரலும் மட்டும். பத்து நொடி.]

டிரம்பெட் ஒரு வரியை ஊதுகிறது. குரல் அதை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது. அப்புறம் இரண்டும் ஒன்றையொன்று துரத்துகின்றன. முதல் தடவை கேட்டபோது, நடுவில் ஓரிடத்தில் பித்தளை எது, தொண்டை எது என்று எனக்குக் குழம்பிவிட்டது.

பத்து நொடிக்கு மேல் இங்கே போட முடியாது, காப்புரிமைப் பிரச்சினை. முழுப் பாட்டையும் நீங்களே தேடிக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே காது வைக்க வேண்டும் என்று மட்டும் நான் சொல்கிறேன்.

[திரையில்: இசைத்தட்டின் உறை]

நீங்கள் கேட்டது இசையமைப்பாளர் ஹேண்டலின் ‘சாம்சன்’ படைப்பில் வரும் ஒரு பாட்டு, 1743. கறாராகப் பார்த்தால் இது ஓபராவே இல்லை, ஆரட்டோரியோ. வேஷம் கட்டி நடிக்காமல், நின்ற இடத்தில் நின்று பாடுவது. ஆனால் இது இடம்பெற்ற தொகுப்பை ஓபரா ரசிகர்கள் அறுபது வருஷத்துக்கும் மேலாகத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். பெயர் ‘தி ஆர்ட் ஆஃப் தி பிரிமா டோனா’. இரண்டு எல்பி, 16 பாட்டு. ஜோன் சதர்லண்ட் 1960 ஆகஸ்டில் லண்டனில் டெக்கா நிறுவனத்துக்காகப் பாடியது. ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் ஃபிரான்செஸ்கோ மோலினாரி-பிராதெல்லி. 1962இல் கிராமி விருதும் வாங்கியது.

பிரிமா டோனா என்றால் ஓபரா குழுவின் தலைமைப் பாடகி. இந்தத் தொகுப்பின் யோசனையே கொஞ்சம் துணிச்சலானது. இருநூறு வருஷத்துப் பெரிய பாடகிகளைப் பட்டியல் போட்டு, ஒவ்வொருவருக்கும் பேர் வாங்கித் தந்த பாட்டை இவர் ஒருவரே பாடுகிறார். ஜென்னி லிண்ட், மெல்பா, அடெலினா பாட்டி. ஆமாம், பாட்டிதான், இத்தாலியப் பெயர். மெல்பாவைப் பாடகியாகத் தெரியாதவர்களும் ‘பீச் மெல்பா’ சாப்பிட்டிருக்கலாம். அந்த இனிப்புக்குப் பெயர் அவரால் வந்தது. அவரும் ஆஸ்திரேலியர், சதர்லண்டும் ஆஸ்திரேலியர்.

அத்தனை பேர் பாட்டையும் ஒரே தொண்டை பாடுவது என்றால் சும்மாவா? அப்போது சதர்லண்டுக்கு வயது 33.

[திரையில்: லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கின் முகப்பு]

எட்டு வருஷம் பின்னால் போவோம். 1952 நவம்பர், கோவென்ட் கார்டன். பெல்லினியின் ‘நோர்மா’. தலைமைப் பாத்திரத்தில் அன்றைய பெரிய ஓபரா பாடகி மரியா காலஸ். தோழி குளோதில்தேவாக, நாலு வரி பாடிவிட்டுப் போகும் இடத்தில், சதர்லண்ட். சிட்னியில் தட்டச்சு வேலை பார்த்துவிட்டு வந்த பெண். தன் குரல் கனமானது, ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் கனமான ஓபராக்களைப் பாடத்தான் பொருந்தும் என்று அவரே நினைத்துக்கொண்டிருந்தார்.

அதை மாற்றியவர் பியானோ வாசித்த ரிச்சர்ட் பானிங். 1954இல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். வீட்டில் சாதகம் பண்ணும்போது, எந்தச் சுருதியில் தொடங்குகிறோம் என்பதைச் சொல்லாமல் பானிங் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிவிடுவாராம். கேட்டவுடன் சுரத்தின் பெயரைச் சொல்லும் காது சதர்லண்டுக்கு இல்லை. எந்த உயரத்தைத் தொடுகிறோம் என்று தெரியாமலேயே தொட்டுவிடுவார். கணவர்கள் சொன்ன பொய்களில் இசை உலகத்துக்கு லாபமாக முடிந்தது இது ஒன்றுதானோ என்னவோ. 1959 பிப்ரவரியில் அதே கோவென்ட் கார்டனில் தொனிசெத்தியின் ஓபராவில் நாயகி ‘லூச்சியா’வாகப் பாடினார். மறுநாளிலிருந்து வாழ்க்கை வேறு. அடுத்த வருஷம் வெனிஸ் ரசிகர்கள் ‘லா ஸ்துபெந்தா’ என்று பட்டம் கட்டினார்கள், பிரமிக்க வைப்பவள் என்று. இந்தப் பதிவு அந்தச் சூட்டோடு நடந்தது.

சரி, கேட்பதற்கு வருவோம்.

[திரையில்: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள், மாறி மாறி ஒளிர்கின்றன]

முதலில் ட்ரில். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றிப் பாடுவது. கேட்க எளிது, செய்வது பெரும்பாடு. பல பேர் பாடும்போது குரல் நடுங்குவது மட்டும்தான் கேட்கும். இரண்டு சுரமும் தனித்தனியாகத் தெரியாது. சதர்லண்டிடம் தெரியும். குனோவின் ‘ஃபாவுஸ்ட்’ ஓபராவில் நகைப்பெட்டிப் பாட்டு அப்படித்தான் தொடங்குகிறது. ஏழைப்பெண் மார்கரீத் யாரோ வைத்துவிட்டுப் போன நகைகளைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்துச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பே ஒரு ட்ரில். நம் கமகத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கமகத்தில் சுரங்களுக்கு நடுவே வழுக்கிப் போகும் பாதைதான் அழகு. இங்கே பாதையே தெரியக்கூடாது, இரண்டு படியும் தெரிய வேண்டும்.

அடுத்து, தொகுப்பின் முதல் பாட்டு. தாமஸ் ஆர்ன் 1762இல் எழுதிய ஆங்கில ஓபரா ‘ஆர்டாக்ஸெர்க்ஸஸ்’. அதில் வரும் இந்தப் பாட்டு போரில் களைத்த சிப்பாயைப் பற்றியது. முடிவை நெருங்கும்போது மும்மூன்றாகச் சுரங்கள் கொட்டும். வரகரிசியைத் தரையில் கொட்டினது மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாக விழும், ஒன்றோடொன்று ஒட்டாது. கனமான குரலுக்கு இப்படி ஓட வராது, ஓடுகிற குரலுக்கு இந்தக் கனம் இருக்காது என்பது பொதுவான எண்ணம். இங்கே இரண்டும் சேர்ந்து வருகிறது. என்னைக் கேட்டால், இந்த நாலு நிமிஷத்திலேயே இசைத்தட்டின் காசு வசூல்.

‘காஸ்தா திவா’வுக்கு வந்தால் நிலாவை நோக்கி ஒரு பூசாரிப் பெண்ணின் வேண்டுதல். ‘நோர்மா’விலிருந்துதான். எட்டு வருஷத்துக்கு முன் காலஸ் பக்கத்தில் நின்று கேட்ட பாட்டு. இதற்கு இன்றுவரை நான் காலஸிடம்தான் போகிறேன். சதர்லண்ட் வரிகளை நீளமாக, எங்கே மூச்செடுத்தார் என்று தெரியாமல் இழுக்கிறார், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வேண்டுகிறவளுக்குள் இருக்கும் குற்றவுணர்வு எனக்குக் கேட்கவில்லை. பகைவனான ரோமானியத் தளபதிக்கு ரகசியமாகப் பிள்ளை பெற்றவள் அவள்.

[திரையில்: உயிரெழுத்துகள். ஒரு கோடு மேலே ஏற ஏற, எல்லாம் ‘ஆ’வாக மாறுகின்றன]

சதர்லண்டின் மேல் எப்போதும் வரும் குறை, வார்த்தை புரிவதில்லை. பின்னாளைய பதிவுகளில் அது நிஜம். 1960இல் அவ்வளவு மோசமில்லை, ஆங்கிலப் பாட்டுகளில் காது கொடுத்தால் பிடித்துவிடலாம். ஆனால் உச்சத்தில் எந்த சொப்ரானோ (மிக உயர்ந்த பெண் குரல்) பாடினாலும் வார்த்தை கரையும். அதற்குக் காரணம் இயற்பியல்.

‘இ’யும் ‘ஆ’வும் நம் காதுக்கு வேறாகத் தெரிவது வாய்க்குள் எந்த அதிர்வெண் பெருகுகிறது என்பதால். ‘இ’க்கு முதல் பெருக்கம் சுமார் 300 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். சொப்ரானோவின் மேல் ‘ஸி’ சுரமோ 1047 ஹெர்ட்ஸ். குரலின் அடிச்சுரமே அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டால், 300இல் பெருக்குவதற்கு ஒன்றுமே இல்லை. அதனால் பாடகி தாடையை இறக்கி வாயைத் திறந்து, வாயின் பெருக்கத்தைச் சுரத்தின் உயரத்துக்குக் கொண்டுவருகிறார். ஒலி பெருகும், மைக் இல்லாமலேயே ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டி அரங்கின் கடைசி வரிசைக்குப் போகும். பதிலுக்கு, என்ன எழுத்தாக இருந்தாலும் ‘ஆ’ மாதிரியே கேட்கும். அந்த உயரத்தில் அகராதியைத் தேடாதீர்கள்.

பதிவு நடந்த கிங்ஸ்வே ஹால் பற்றியும் ஒரு வார்த்தை. 1912இல் கட்டிய மெதடிஸ்ட் சபை மண்டபம். எதிரொலி அருமை என்று ரெக்கார்டிங் நிறுவனங்கள் போட்டி போட்டு வாடகைக்கு எடுக்கும். தொல்லை கீழே இருந்தது: சுரங்க ரயில். அங்கே எடுத்த பல பதிவுகளில், நல்ல ஹெட்ஃபோன் இருந்தால், அமைதியான இடங்களில் அடியில் ஒரு உறுமல் கேட்கும். மண்டபத்தை 1998இல் இடித்துவிட்டார்கள். உறுமல் இசைத்தட்டுகளில் மிச்சம்.

[திரையில்: மணி. ஒலி இல்லை.]

கடைசியாக நான் வைத்திருப்பது ‘லக்மே’யின் மணிப்பாட்டு. லியோ தெலீப் இசையமைத்து 1883இல் பாரிசில் அரங்கேறிய ஓபரா. கதை பிரிட்டிஷ் இந்தியாவில் நடக்கிறது. லக்மே என்பது லட்சுமி. அந்த அழகுசாதன பிராண்டுக்கும் பெயர் இங்கிருந்து போனதுதான். நீலகண்டன் என்ற பிராமணப் பூசாரி, தன் மகள் லக்மேயைச் சந்தையில் பாட வைக்கிறார். அவளை விரும்பும் ஆங்கில அதிகாரியைக் கூட்டத்தில் அடையாளம் கண்டு பழிவாங்கத்தான்.

கூட்டத்தை இழுக்க முதலில் வார்த்தையில்லாமல், ஆர்கெஸ்ட்ராவும் அடங்கிப்போக, குரல் மட்டும் ஏறி இறங்குகிறது. அப்புறம் கதை. காட்டில் நிலா வெளிச்சத்தில் ஒரு பெண் ஓடுகிறாள். வழி தவறிய அந்நியனை விலங்குகள் சூழ்கின்றன. தன் கோலில் கட்டிய மணிகளை ஆட்டி அவனைக் காப்பாற்றுகிறாள். அவன் விஷ்ணு, பிரம்மாவின் மகன். (ஆமாம், தலைகீழாகத்தான் எழுதியிருக்கிறார்கள். நம் ஊர்க் கதாகாலட்சேபக்காரர் கேட்டால் எழுந்தே போய்விடுவார்.) அவளை அவன் வானத்துக்கு அழைத்துப் போகிறான்.

அந்தப் பெண் யார் என்று பிரெஞ்சில் சொல்லும் இடத்தைத் தவற விடாதீர்கள். ‘ஃபீய் தே பாரியா’. பாரியாவின் மகள். அந்த ‘பாரியா’ நம் தமிழிலிருந்து போன சொல், பறையர். பறை அடிப்பவர்களோடு சேர்த்தே அந்தப் பெயரை விளக்குவது வழக்கம். ஐரோப்பியர்கள் அதை எடுத்துக்கொண்டு போய், ஊரால் தள்ளிவைக்கப்பட்ட யாருக்கும் சூட்டும் பெயராக்கிவிட்டார்கள். சேரிப் பெண்ணைக் கடவுள் கைப்பிடிக்கும் கதையை, அப்பன் கட்டாயத்தில், ஒரு பூசாரியின் மகள் பாடுகிறாள். எழுதியவர்கள் இதையெல்லாம் யோசித்தார்களா, தெரியாது. தமிழ்க் காதுக்கு அந்தச் சொல் வரும்போது இடறாமல் போகாது.

அப்புறம் மணி. சதர்லண்ட் தொண்டையாலேயே மணி அடிக்கிறார். ஒவ்வொரு சுரத்தையும் தொட்ட உடனே விட்டுவிடுகிறார், இழுப்பதே இல்லை. முடிவில் ஒரு மேல் ‘ஈ’, சுமார் 1319 ஹெர்ட்ஸ். இப்போது வீடியோவை மூடிவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அந்தத் தொகுப்பில் நேராக 14ஆவது பாட்டுக்குப் போங்கள்.

[ஒலி நிற்கிறது.]