வாத்தியார் குட்டு வைத்த இடத்தில் கல் வைத்த கம்ப்யூட்டர்!

[திரையில்: காலிப் பலகை, மேல் மூலையில் ஒரு கருப்புக் கல்]

கோ என்ற பலகை விளையாட்டு. ஆட்டம் தொடங்கிப் பத்துக் கல்கூட விழவில்லை. அதற்குள் வெள்ளை மூலைக்குள் புகுந்து, கருப்பின் காலடியிலேயே கல் வைக்கிறது. 2015-ல் கோ வகுப்பில் இப்படி வைத்திருந்தால் தலையில் குட்டுதான். இன்று சாம்பியன்களே இதைத்தான் ஆடுகிறார்கள்!

கோ தெரியாதவர்களுக்கு ஒரே மூச்சில்: குறுக்கும் நெடுக்கும் 19 கோடுகள், 361 சந்திப்புகள், அவற்றில் கருப்பும் வெள்ளையும் மாறி மாறிக் கல் வைக்கும், அதிக இடம் வளைப்பவருக்கு வெற்றி. சரி, மேலே போவோம்.

[திரையில்: மூலை மட்டும் பெரிதாக]

கருப்பு இருப்பது 4-4, இரு ஓரத்திலிருந்தும் நான்காவது கோடு. வெள்ளை நுழைவது 3-3. கருப்பு மறிக்கும், வெள்ளை ஓரமாக ஊரும். முடிவில் வெள்ளைக்கு மூலை, கருப்புக்கு நடுப்பலகையைப் பார்த்த ஒரு மதில். அந்த மதில்தான் பெரிய சொத்து என்பது பழைய கணக்கு.

2016 மார்ச்சில் கோ ஆடும் கம்ப்யூட்டர் நிரலான ஆல்ஃபாகோ, கொரிய சாம்பியன் லீ செடோலை 4-1 என்று வென்ற கதை உங்களுக்கே தெரியும். அந்த ஆண்டுக் கடைசியில் அது 'மாஸ்டர்' என்ற பெயரில் இணையத்துக்கு வந்து, முன்னணி வீரர்களை 60-0 என்று துவைத்துக் காயப்போட்டது. இந்த அவசர 3-3 அங்கேதான் தலைகாட்டியது.

சூட்சுமம் எங்கே தெரியுமா? பழைய முறையில் வெள்ளை இரண்டாம் கோட்டில் இன்னும் இரண்டு கல் வைக்கும். அதற்குப் பதில் வைக்கும் சாக்கில் கருப்பு தன் மதிலின் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் அந்த இரண்டையும் வைக்காமல் வேறு மூலைக்குப் போய்விட்டது! ஓட்டை அப்படியே நிற்கிறது. பட்டா இல்லாத நிலத்துக்குக் காம்பவுண்ட் எழுப்பி, கேட் போடக் காசில்லாமல் நிற்பவர் கதைதான் கருப்புக்கு.

இப்போது எனக்குப் பிடித்த இடம். ஜப்பான், 1933. ஹோனின்போ என்ற பழைய கோ குருகுலத்தின் தலைவர், பெரியவர் ஹோனின்போ ஷூசாய்க்கு எதிரே கோ செய்கென் என்ற 19 வயதுப் பையன். பையன் முதல் கல்லையே 3-3-ல் வைத்தான். ஹோனின்போ மரபில் அது ஆகாத இடம். அடுத்தது 4-4, மூன்றாவது பலகையின் நட்டநடு மையம்! என்ன தைரியம் பாருங்கள்! பெரியவருக்கோ தன் முறை வரும்போது ஆட்டத்தை ஒத்திவைக்கும் சலுகை இருந்தது. வைத்தார், வைத்தார், 1934 ஜனவரி வரை இழுத்து 2 புள்ளியில் வென்றார். கடைசியில் திருப்பம் தந்த 160-வது கல் அவருடைய சீடர் சொல்லிக்கொடுத்தது என்று இன்றும் பேச்சு உண்டு. என் ஓட்டு பையனுக்குத்தான்.

[திரையில்: கட்டாகோ]

கோ ஆடும் கம்ப்யூட்டர் நிரலான கட்டாகோ இலவசம், இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் அது சிறந்ததென்று காட்டும் கல்லை மனப்பாடம் செய்யாதீர்கள். உங்கள் கல்லையும் வைத்து, எதிராளி எப்படித் தண்டிக்கிறான் என்று நாலைந்து கல் தள்ளிப் பாருங்கள். தொடக்கத்தில் அரைப் புள்ளி போனால் போகட்டும், நம் ஆட்டத்தில் நடுவிலேயே முப்பது புள்ளி செத்துக் கிடக்கும்.

பக்கத்தில் உங்கள் கல் நிற்கும்போது எதிராளி 3-3-ல் புகுந்தால் எந்தப் பக்கம் மறிப்பீர்கள்? கமெண்டில் போடுங்கள், சண்டைக்கு நான் தயார்.