ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால்

(கடலூர் முதுநகரில் ஒரு தொடக்கப்பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மழை இருட்டிக்கொண்டு நிற்கிறது. அப்படியும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். மீன் கூடையை வாசல் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்த அம்மாக்களையும் பார்த்தேன். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கரும்பலகையில் ஒரே ஒரு கணக்கு எழுதியிருக்கிறேன். 52-லிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். நாடு முழுக்கக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சோதித்து வெளியிடுகிறார்களே, ‘ஏசர்’ அறிக்கை, அதில் கழித்தலுக்குக் கேட்பதும் இந்த மாதிரி இரண்டு இலக்கக் கணக்குதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் அதைப் போட முடிந்தவர்கள் 2018-ல் 28.2 சதவீதம். கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் 25.9. 2024-ல் 33.7. மூன்று பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. ஆகவே உங்கள் பிள்ளைக்கு வரவில்லை என்றால் ‘மக்கு’ என்ற சொல்லை வீட்டில் எடுக்காதீர்கள். அந்தச் சொல் பிள்ளையின் மனசில் வருஷக்கணக்காக உட்கார்ந்துவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறோர் ஊரில், ஒரு பையன் எனக்குப் படித்தான். 52-ல் 27 போனால் 35 என்று எழுதுவான். 61-ல் 38 போனால் 37. 43-ல் 19 போனால் 36. நான் சிவப்பு மையால் தப்பு போடுவேன், பத்துத் தடவை எழுதி வரச் சொல்வேன். அவனும் மணிமணியான கையெழுத்தில் அந்தத் தப்பையே பத்துத் தடவை எழுதி வருவான். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “எப்படிப்பா போட்ட, சொல்லு” என்று கேட்டேன். விரலை வைத்துக் காட்டினான். “ஏழுல ரெண்டு போனா அஞ்சு. அஞ்சுல ரெண்டு போனா மூணு.” ஏன் ஏழிலிருந்து ரெண்டைக் கழித்தாய் என்றேன். “சின்ன எண்ணுல பெரிய எண் போகாதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க.”

நான்தான் சொல்லியிருந்தேன். அவன் நான் சொன்னதை மீறவில்லை. சின்னதில் பெரியது போகாது, சரி, அப்போது பெரியதில் சின்னதைப் போக்குவோம் என்று அவனே ஒரு வழி கண்டுபிடித்து, எல்லாக் கணக்கிலும் அதை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறான். நான் அதை ஒரு வருஷமாகக் கேட்கவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வலிக்கிறது.

அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்டன் என்ற இருவர் 1978-லேயே பிள்ளைகளின் கழித்தல் தவறுகளை அலசி எழுதியிருப்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. பிள்ளைகளின் தவறு பெரும்பாலும் கவனக்குறைவால் வருவதில்லை; ஏதோ ஒரு கோணலான விதியை அவர்கள் பிசகாமல் பின்பற்றுகிறார்கள் என்று காட்டினார்கள். என் மாணவன் செய்த தவறு அவர்கள் பட்டியலிலும் உண்டு. அதனால் நோட்டைப் பார்த்ததும் “தப்பு” என்று ஆரம்பிக்காமல், “எப்படிப் போட்ட?” என்று கேளுங்கள். பதிலைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.

இப்போது அந்தக் ‘கடன் வாங்குதல்’. நாம் எல்லாரும் அப்படித்தான் படித்தோம். “ரெண்டுல ஏழு போகாது, பக்கத்து வீட்டுல ஒண்ணு கடன் வாங்கு.” ஒரு பெண் குழந்தை என்னிடம் கேட்டது: “எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கணும்?” எவ்வளவு நியாயமான கேள்வி! கடன் என்றால் திருப்பித் தர வேண்டும் என்று எல்லா வீட்டிலும் குழந்தைக்குத் தெரியும். தவிர, ஒன்று வாங்கினால் எப்படிப் பத்து வரும்? ஒன்றைக் கொடுத்துப் பத்தை வாங்குகிற கடனை யாராவது பார்த்திருக்கிறோமா?

நம் தமிழ்நாட்டுப் பாடநூலில் இதற்கு ‘இனமாற்றம்’ என்று பெயர். பத்துகள் ஓர் இனம், ஒன்றுகள் ஓர் இனம். ஒரு பத்தை உடைத்துப் பத்து ஒன்றுகளாக மாற்றுகிறோம். அருமையான சொல். லிபிங் மா என்ற ஆய்வாளர் அமெரிக்க ஆசிரியர்களையும் சீன ஆசிரியர்களையும் ஒப்பிட்டு 1999-ல் எழுதினார். அமெரிக்காவில் பலரும் நம்மைப் போலக் கடன் என்றே சொல்லிக் கொடுக்க, சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர் பத்தைப் பிரிப்பது என்று விளக்கினார்களாம். நம் புத்தகம் பிரிக்கிற கட்சிதான். வீட்டில் நாம்தான் இன்னும் கடனை விடவில்லை.

‘இனமாற்றம்’ வாயில் நுழையவில்லையா, ‘சில்லறை மாற்றுவது’ என்று சொல்லுங்கள். 52 ரூபாய் உங்களிடம் இருக்கிறது: ஐந்து பத்து ரூபாய்த் தாள், இரண்டு ஒற்றை நாணயம். 27 கொடுக்க வேண்டும். நாணயம் போதவில்லை. ஒரு பத்துத் தாளைச் சில்லறையாக்குகிறீர்கள். இப்போது நான்கு தாள், பன்னிரண்டு நாணயம். பணம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதைத் தொட்டுப் பார்க்காமல் எந்தக் குழந்தையும் அடுத்த அடி வைக்கக் கூடாது என்பேன். பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து, நான்கில் இரண்டு போனால் இரண்டு. இருபத்தைந்து.

கடன் என்ற சொல்லுக்குக் கணக்கில் வேறொரு நல்ல இடம் உண்டு. கி.பி. 628-ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் என்ற நம் நாட்டுக் கணித அறிஞர் குறை எண்களுக்கு, அதாவது பூஜ்யத்துக்கும் கீழே போகிற எண்களுக்கு, விதி எழுதியபோது அவற்றைக் கடன் என்றும், மிகை எண்களைத் தனம் என்றும் சொன்னார். மூன்று ரூபாய் வைத்துக்கொண்டு ஐந்து ரூபாய்க்கு வாங்கினால் இரண்டு ரூபாய் கடன். உங்கள் பிள்ளை ஆறாம் வகுப்பில் அதைப் படிக்கும். அந்தச் சொல்லை அதுவரை பத்திரமாக வைத்திருப்போம்.

நடுவில் பூஜ்யம் வந்தால் பெரியவர்களே திணறுவோம். 304-ல் 128. நாலில் எட்டு போகாது. பக்கத்தில் போனால் அங்கே ஒன்றுமே இல்லை. சில்லறை என்று நினைத்தால் பயம் போய்விடும். மூன்று நூறு ரூபாய்த் தாள், நான்கு நாணயம். ஒரு நூறை மாற்றுங்கள், பத்து ரூபாய்த் தாள் பத்து வரும். அதில் ஒன்றை மாற்றுங்கள், பத்து நாணயம் வரும். கையில் இருப்பது இரண்டு நூறு, ஒன்பது பத்து, பதினான்கு ஒன்று. பூஜ்யத்துக்கு மேலே ‘ஒன்பது’ எங்கிருந்து முளைத்தது என்று நான் ஐந்தாம் வகுப்புவரை புரியாமலே போட்டிருக்கிறேன். விடை 176.

ஆனால் நம் மீன் அங்காடியில் இந்தக் கணக்கை யாரும் இப்படிப் போடுவதில்லை. 130 ரூபாய்க்குச் சங்கரா வாங்கி, 200 ரூபாய்த் தாளை நீட்டுகிறேன். அந்த அம்மா என் உள்ளங்கையில் ஒரு பத்தை வைத்து “நூத்தி நாப்பது” என்கிறார். இன்னொரு பத்து, “நூத்தி அம்பது”. ஓர் ஐம்பதை வைத்து மடக்கி, “இருநூறு, எண்ணிக்கம்மா.” எங்கேயும் கழிக்கவில்லை, கூட்டிக்கொண்டே போனார், என் கையில் சரியாக எழுபது ரூபாய் இருக்கிறது. 304-ல் 128-க்கும் இது ஓடும்: 128-லிருந்து 130-க்கு 2, 200-க்கு 70, 300-க்கு 100, 304-க்கு 4. மொத்தம் 176. இப்படிப் போடுகிற பிள்ளையிடம் “இது ஸ்கூல் முறை இல்லை” என்று சொல்லிவிடாதீர்கள். கூடையோடு வந்த அம்மாக்களே, கழித்தலை உங்களைவிட நன்றாக யாரும் சொல்லித் தர முடியாது.

புதுச்சேரியில் எங்கள் சம்பந்தி வீட்டுப் பெரியவர் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவர் வேறு தினுசு. அதே 52-ல் 27 கணக்கில், மேலே இரண்டைப் பன்னிரண்டாக்குவார்; ஐந்தைத் தொடமாட்டார்; கீழே இரண்டை மூன்றாக்குவார். பிரான்சில் வழக்கமாகச் சொல்லித் தந்த முறை அது. இரண்டு எண்ணுக்கும் பத்தைக் கூட்டினால் வித்தியாசம் மாறாது. அண்ணன் தம்பி வயசு வித்தியாசம் பத்து வருஷம் கழித்தும் அதேதானே! தாத்தா ஒரு முறை, அப்பா ஒரு முறை, டீச்சர் ஒரு முறை என்று ஒரே சாயங்காலத்தில் மூன்றையும் பிள்ளை தலையில் ஏற்றாதீர்கள். ஒன்று பிடிபடட்டும்.

சின்ன வகுப்புக்காரர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்பதில் மூன்று போக என்றால், “ஒன்பது, எட்டு, ஏழு” என்று மூன்று விரல் மடக்கி ஏழு என்று சொல்கிறதா? ஒன்பதையே முதல் அடியாக எண்ணிவிட்டது. தரையில் கட்டம் போட்டு, ஒன்பதில் நிற்க வைத்து, பின்னால் மூன்று தாண்டச் சொல்லுங்கள், காலுக்குத் தெரிந்துவிடும். இன்னொன்று: “அக்காகிட்ட எட்டு முறுக்கு, உன்கிட்ட அஞ்சு. அக்காகிட்ட எத்தனை கூட?” என்று கேட்டால் பதின்மூன்று என்று சொல்லும். ‘கூட’ என்றதும் கூட்டிவிடுகிறது. அதற்குக் கழித்தல் என்றால் எடுத்துத் தின்பது மட்டும்தான். முறுக்கை இரண்டு வரிசையாக எதிரெதிரே அடுக்கிக் காட்டுங்கள். ஜோடி இல்லாமல் நிற்கிற மூன்றை அதுவே தொட்டுக் காட்டும்.

இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கும் எண்ணைத் தமிழில் ஒருமுறை சொல்லிக் கொடுங்கள். ‘லெவன்’, ‘ட்வெல்வ்’ என்பதில் பத்து காதில் விழாது. பதினொன்று, பன்னிரண்டில் விழும். இருபத்தேழு என்று சொல்லும்போதே இரு பத்தும் ஓர் ஏழும் வந்துவிடுகின்றன.

போதும், நான் பேசியது. உங்கள் முன்னால் ஈர்க்குச்சிகள் இருக்கின்றன; பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட கட்டு ஐந்து, உதிரி இரண்டு. பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்களிடம் இருபத்தேழு குச்சி கேளுங்கள். இரண்டு கட்டைக் கொடுத்துவிட்டு உதிரியைப் பார்த்து முழிப்பார்கள். அவசரப்படாதீர்கள். ரப்பர் பேண்டை நீங்கள் கழற்ற வேண்டாம், அவர்களே கழற்றட்டும்.