பட்டிமன்ற உரை: மாற்று இனிப்புகளே!

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ‘திருமண விருந்தை நிறைவு செய்ய ஏற்றது அடுக்கு கேக்கா, மாற்று இனிப்புகளா?’ என்பது தலைப்பு. மாற்று இனிப்புகளே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், “கேக்தான் மரபு, அதில் கை வைக்காதீர்கள்” என்றார். எந்தக் காலத்து மரபு, ஐயா? 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் திருமண விருந்துக்கென்றே சுட்டது ‘பை’ (pie), அதாவது மாவு உறைக்குள் பூரணம் வைத்துச் சுடும் பண்டம். அதுவும் உள்ளே இறைச்சி வைத்த பை. வெள்ளை ஐசிங் பூசிய கேக்குக்குப் பெரும்புகழ் சேர்ந்தது 1840-இல் நடந்த விக்டோரியா மகாராணி திருமணத்துக்குப் பிறகு. அந்தக் கேக்கின் எடை ஏறக்குறைய 136 கிலோ. அன்று நன்கு சுத்திகரித்த சர்க்கரை விலை அதிகம். ஐசிங் எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு செல்வாக்கு. அந்த வெண்மை வந்தது பார்ப்பவர் கண்ணுக்காக. விருந்து வைப்பதோ சாப்பிட வந்தவருக்காக. என் வாதம் இவ்வளவுதான்.

அடுக்கு கேக்கின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பாருங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் அடியில் அட்டை, பாரம் தாங்கக் குச்சிகள். சில கேக்குகளில் பாதி அடுக்கு தெர்மகோல்! மேலே ஃபாண்டன்ட் என்ற சர்க்கரை உறையைப் போர்த்தினால் உள்ளே அடித்த க்ரீம் வைக்க முடியாது. ஈரத்தில் ஃபாண்டன்ட் கரைந்துவிடும். ஆக, உருவம் நிற்பதற்காகச் சுவை விட்டுக்கொடுக்கிறது. மணமக்கள் ஒரு துண்டு வெட்டியதும் கேக் சமையலறைக்குப் போகும். ஓரங்குல அகலம், இரண்டங்குல நீளம் என்று துண்டு போட்டுத் திரும்பி வருவதற்குள் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். இருப்பவர்களின் தட்டைப் பாருங்கள், ஃபாண்டன்ட் தோல் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும்.

சரி, மாற்று என்ன? பிரான்ஸின் க்ரோகம்பூஷ் இருக்கிறதே! உள்ளே கஸ்டர்டு நிரப்பிய சிறு சிறு உருண்டைகள், ‘ஷூ’ (choux) என்ற உப்பும் மாவில் சுட்டவை. சர்க்கரையைப் பொன்னிறத்துக்குக் காய்ச்சி, அது இறுகுவதற்குள் ஒவ்வொன்றாகத் தோய்த்துக் கூம்பாக ஒட்ட வேண்டும். கை கொஞ்சம் தாமதித்தால் பாகு உறைந்துவிடும், அவசரப்பட்டால் விரல் வெந்துவிடும். அப்படிக் கட்டிய கோபுரத்தில் ஒன்றைப் பிய்த்துக் கடித்தால் முதலில் பாகு நொறுங்கும், அப்புறம் க்ரீம் வழியும். இதில் கண்ணுக்கு என்ன குறை, நாக்குக்கு என்ன குறை? காற்றில் ஈரம் மிகுந்தால் பாகு இளகும், உண்மைதான். அன்றன்றே கட்டி அன்றே பரிமாற வேண்டிய பண்டம் அது.

நார்வேயிலும் டென்மார்க்கிலும் பாதாம், சர்க்கரை, முட்டை வெள்ளையைக் கொண்டு வளையங்கள் சுட்டு, பெரியதன் மேல் சிறியதாக அடுக்குவார்கள். கோதுமை மாவு கலக்காமலே செய்யலாம். கோதுமை ஒவ்வாத விருந்தாளிக்குத் தனித்தட்டு தேட வேண்டாம்; கொட்டைகளோ முட்டையோ ஒவ்வாதவருக்கு மட்டும் வேறொன்று வைக்க வேண்டும்.

என் மனதுக்கு நெருக்கமானது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க், யங்ஸ்டவுன் வட்டாரத்துக் குக்கி மேசை. அத்தைகளும் பாட்டிகளும் பக்கத்து வீட்டாரும் ஆளுக்கொரு வகை சுட்டு எடுத்து வருவார்கள். நீளமான மேசை நிறைந்துவிடும். விருந்தாளி பிடித்ததைச் சாப்பிட்டு, மிச்சத்தைப் பெட்டியில் வீட்டுக்கும் கொண்டுபோவார். கடையில் எவ்வளவு பெரிய கேக் வாங்கினாலும் அத்தனை பேர் கையும் அதில் படுமா?

அரண்மனைக்கே வாருங்கள். 2011-இல் பிரிட்டன் இளவரசர் வில்லியம்–கேத்தரின் திருமணத்தில் எட்டு அடுக்குப் பழக் கேக் இருந்தது. இருந்தும் மணமகன் தனியே கேட்டது சாக்லேட் பிஸ்கட் கேக். பேருக்குத்தான் அது கேக். அடுப்பில் வேகவைக்காமல், பிஸ்கட்டையும் சாக்லேட்டையும் கலந்து குளிர வைத்து எடுப்பது.

“வெட்டும் சடங்கு போய்விடுமே” என்று அடுத்து வருபவர் கேட்பார். மணமக்கள் சேர்ந்து ஒரு பையை வெட்டலாம், பாகுக் கூம்பை உடைத்து ஒருவருக்கொருவர் ஊட்டலாம். கேக் வெட்டித்தான் தீருவோம் என்றால் இருவருக்கு மட்டும் கையகலக் கேக் போதும். வந்தவர்கள் பசியாற மேசை வேறாக இருக்கட்டும். அந்த மேசைக்கே தீர்ப்பு வழங்குமாறு நடுவரைக் கேட்டு அமர்கிறேன். நன்றி.