பெட்டிமேல் இருக்கும் எண்

தலைவர் ஐயா அவர்களே, விடுமுறையிலும் பள்ளி மண்டபத்தைத் திறந்துகொடுத்த தலைமையாசிரியர் அம்மா அவர்களே, வேலைக்கு நடுவே வந்திருக்கும் மருத்துவ அலுவலர் அவர்களே, விடியற்காலையிலேயே நாற்காலி போட்ட இளைஞர் மன்றத் தம்பிகளே, தாய்மார்களே, வணக்கம்.

இன்று மே 31, உலகப் புகையிலை எதிர்ப்பு தினம். புகை உடலை என்ன செய்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, விட நினைப்பவருக்குத் தொலைபேசி எப்படி உதவுகிறது என்று மூன்று விஷயம் பேச வேண்டும். மூன்றாவதிலிருந்தே தொடங்குகிறேன்.

புகையிலையை விட உதவும் தேசியத் தொலைபேசி எண் 1800-11-2356. காசு கிடையாது. 2016-இல் டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் தொடங்கியது. அப்புறம் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்திலும் மையம் வந்தது, தமிழில் பேசலாம். விடும் தேதியை நம்மையே குறிக்கச் சொல்வார்கள். பிறகு அவர்களே திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அல்லவா?

என் அக்கா வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். நாளைக்கு இருபது சிகரெட். அக்கா அழுது பார்த்தாள், குலதெய்வம் கோயிலில் சத்தியம் வாங்கினாள். நாலு நாள் தாங்கும். ஐந்தாம் நாள் சட்டைப் பையில் தீப்பெட்டி கிலுகிலுக்கும். ஒருநாள் நாமக்கல்லில் சரக்கு இறக்கக் காத்திருந்தபோது, காலிப் பெட்டியைத் திருப்பிப் பார்த்து அந்த எண்ணை அழுத்திவிட்டார்.

எதிர்முனையில் ஒரு பெண். "எப்போ ஐயா கை தானா பெட்டிக்குப் போகுது?" என்று கேட்டிருக்கிறார். அதுவரை எல்லாரும் திட்டினார்களே தவிர, யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. "டீ குடிச்சதும்" என்றாராம். "சரி, கொஞ்ச நாளைக்கு டீ வேண்டாம், மோர் குடிங்க. ஆசை வந்தா அஞ்சு நிமிஷம் தள்ளிப்போடுங்க, தண்ணியை மெதுவா குடிங்க, அடங்கிடும்."

மூன்றாம் நாள் ஒரே எரிச்சல். கிளீனர் பையன்மேல் வள்ளென்று விழுந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. "இந்த ரெண்டு மூணு நாள்தான் ஐயா கஷ்டம், இனிமே குறையும்." வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அழுதிருக்கிறார் மனுஷன். மூன்று வருடமாயிற்று. இப்போது அந்தப் பையில் கிராம்புதான் இருக்கிறது. அம்மி நகர்ந்துவிட்டது!

அவர் பெட்டியாக வாங்குகிறவர், அதனால் எண் கையில் இருந்தது. 2018 செப்டம்பரிலிருந்து அதைப் பெட்டியில்தான் அச்சிடுகிறார்கள். நம் பையன்கள் பெட்டியா வாங்குகிறார்கள்? கடைக்காரர் ஒன்றை உருவித் தருகிறார், கயிற்று நுனியில் கனியும் நெருப்பில் பற்றவைத்துக்கொண்டு நடக்கிறான். படமும் கண்ணில் படாது, எண்ணும் படாது. மகாராஷ்டிர அரசு 2020-இல் இப்படி ஒற்றை ஒற்றையாக சிகரெட் விற்பதைத் தடை செய்தது. நம் ஊர்க் கடைகளிலும் அது நிற்க வேண்டும். இதைத்தான் போகும் மேடையெல்லாம் கேட்கிறேன். கேட்டுக்கொண்டே இருப்பேன், அடிமேல் அடி!

மணி அடித்துவிட்டார்கள். சட்டத்தை மருத்துவ அலுவலர் சொல்வார். ஆட்சியருக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறோம். நன்றி, வணக்கம்.