மாங்காயும் மாம்பழமும் கடல் கடந்த கதை

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் அடியில் மாமரம் காய்க்கும் காலத்தில், அண்ணாந்து பார்க்காமல் அதைக் கடந்து போகிறவர்கள் குறைவு. மலாய் அண்டை வீட்டார் அதை 'மங்கா' என்கிறார்கள். 'மெம்பலாம்' என்ற சொல்லும் அவர்கள் மொழியில் உண்டு. முன்னது நம் மாங்காய், பின்னது நம் மாம்பழம். ஒரே மரத்தின் காயும் கனியும் இரு சொற்களாக இக்கரை சேர்ந்திருப்பதை எண்ணி நான் பல்லாண்டுகளாக வியந்து வருகிறேன்.

மாமரம் நம்மவரிடையே பெற்றிருந்த மதிப்பைப் பேசும்போது, குறுந்தொகையின் 292ஆம் பாட்டைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. நீராடச் சென்ற ஒரு பெண், ஆற்றில் மிதந்து வந்த பசுங்காயைத் தின்றுவிட்டாள். அது மன்னன் நன்னனின் காவல் மரத்துக் காய். அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையையும் 81 யானைகளையும் ஈடாகத் தருவதாகச் சொல்லியும் நன்னன் ஏற்காமல் அவளைக் கொன்றான். அவள் மரத்தில் ஏறிப் பறிக்கவில்லை, நேயர்களே. நீர் கொண்டுவந்த காய் அது. அதனால்தான் 'பெண்கொலை புரிந்த நன்னன்' என்று அப்பாட்டைப் பாடிய புலவர் பரணர் அவனுக்கு அழியாத பழியைச் சூட்டினார். பாட்டு 'பசுங்காய்' என்று மட்டும் சொன்னாலும், நன்னனின் மரம் 'நறுமா' என்பதையும், அதைக் கோசர் என்னும் வீரக் குடியினர் வெட்டி வீழ்த்தியதையும் குறுந்தொகையின் 73ஆம் பாட்டில் அவரே குறிக்கிறார்.

இனி, கொட்டைக்கு வருவோம். இந்திய மாங்கொட்டையில் பெரும்பாலும் ஒரே கருதான் இருக்கும். மகரந்தச் சேர்க்கையில் உண்டாகும் அந்தக் கரு முளைத்து மரமானாலும், தாய்மரத்தின் சுவை அதற்கு அப்படியே வாய்ப்பதில்லை. தென்கிழக்காசிய வகைகள் பலவற்றிலோ ஒரே கொட்டைக்குள் பல கருக்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை தாயை அச்சாக ஒத்தவை. ஆகவே இப்பகுதியில் நல்ல பழத்தின் கொட்டையை ஊன்றினாலே போதும். இந்தியாவிலோ ஒட்டுக்கட்ட வேண்டியிருந்தது. கோவாவில் போர்த்துக்கீசியர் அக்கலையைப் பெரிதும் வளர்த்தனர். தேக்கா சந்தையில் நாம் பெட்டியாக வாங்கும் அல்போன்சா மாம்பழம், போர்த்துக்கீசியத் தளபதி அஃபோன்சோ டி அல்புகெர்க்கின் பெயரைத் தாங்கியது. 1510இல் கோவாவையும் 1511இல் மலாக்காவையும் கைப்பற்றியவர் அவரே.

நேரம் நெருங்கிவிட்டதால் சீனாவைப் பற்றி ஒரு சொல் மட்டும். 1968இல் பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் அளித்த மாம்பழங்களை மாசேதுங் தொழிலாளர்களுக்கு அனுப்பிவைக்க, அவர்கள் அவற்றை மெழுகில் வார்த்துக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் போற்றினார்கள். நன்றி, வணக்கம்.