பாலம் தாண்டிப் படிச்ச கதை

எல்லாருக்கும் வணக்கம். பழைய மாணவர்னு மைக்க குடுத்துட்டாங்க, எச்எம் அஞ்சு நிமிஷம்தான்னு கண்ண காட்டுறாங்க, பாப்போம்.

நம்ம பக்கம் ஸ்கூல் வரலாறுன்னா எல்லாரும் ராம்நாடு சுவார்ட்ஸ் ஸ்கூல்லதான் ஆரம்பிப்பாங்க. சுவார்ட்ஸ் ஜெர்மன்காரரு, தஞ்சாவூர் பாதிரியாரு, 1785 வாக்குல தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கைன்னு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வைக்க அலைஞ்சவரு. அவரு பேர்ல உள்ள ஸ்கூல்லதான் நம்ம கலாம் ஐயா படிச்சாரு, அது சின்னப்புள்ளைக்கும் தெரியும், ஆனா வீட்ட விட்டு அங்கயே தங்கிதான் படிச்சாருங்கிறத நெனச்சுப் பாருங்க. ராமேஸ்வரம் தீவுல இருந்து போக 1914ல வந்த பாம்பன் ரயில் பாலம், அத விட்டா படகு. தங்க வழியில்லாத பிள்ளைங்க வலை இழுக்கப் போச்சு, அவ்வளவுதான்.

1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடியே போச்சு, பள்ளிக்கூடமும் சேந்து. பாம்பன் பாலத்த 46 நாள்ல சரி பண்ணி ரயில் விட்டாங்க, பெரிய சாதனைதான், நான் இல்லங்கல. அந்த பிள்ளைங்க படிப்ப எத்தன நாள்ல சரி பண்ணாங்க?

1978ல பிளஸ் டூ வந்துச்சு. அதுக்கு முன்னாடி பதினொண்ணோட எஸ்எஸ்எல்சி முடிஞ்சிரும், மேல பியூசி படிக்க காலேஜ் வாசல மிதிக்கணும், தொழிலுக்கு போற வீட்ல யாரு அனுப்புவா? ஹைஸ்கூலுங்க ஹையர் செகண்டரி ஆனப்பதான் ஒரு வருஷம் கூடுதலா பிள்ளைங்க சீருடைல இருந்துச்சு. 1988ல ரோட்டுப் பாலம் திறந்தாங்க, பஸ் வந்துச்சு, வாத்தியாருமாரும் வந்தாங்க. சாயங்காலமே அதே பஸ்ல திரும்பிப் போனாங்க, அது வேற கதை, சிரிக்காதீங்க சார்.

இப்பவும் விசைப்படகு கடலுக்கு போற நாள்ல பத்தாவது பயலுவ பெஞ்சு காலியா கெடக்கும், பாசி எடுக்கப் போற அம்மா வீட்ல பொம்பளப்புள்ளதான் தம்பிய பாத்துக்கும். லேப்ல தராசு உப்புக்காத்துல துருப்பிடிச்சிருக்கு, காலைலதான் போயி பாத்தேன். சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு நிக்கிற பிள்ளைங்களுக்கு ஆறு மணிக்கு ஒரு பஸ் வேணும், கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதி வச்சிருக்கேன், மேடையில இருந்து இறங்குனதும் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.